ஜெயங்கொண்டத்து மருதமுத்து

என் படத்துக்கு மாலை போட்டிருந்ததை நான் பார்த்தது ஜெயங்கொண்டத்தில், ஒரு மருந்துக்கடையில்.

நல்ல பகல் நேரம். வெளியே வெயில் தகித்தது. கடைக்குள் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டி வாசனையும் வைட்டமின் மாத்திரையின் புளித்த வாசனையும் கலந்து வந்தன. கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம், அடுத்து லட்சுமி, அதற்கடுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் நான்.

படத்தில் எனக்கு இளம் வயது. தலை நிறைய முடி. ஸ்டுடியோவில் இரவல் வாங்கிப் போட்ட கோட்டு தோளில் நிற்காமல் சரிந்திருக்கிறது. கீழே சான்றிதழின் எழுத்துகள் வெளுத்துப்போயிருந்தன. யாரோ என் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தார்கள். சட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலை.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். திரும்பும்போது படங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையாருக்கு, லட்சுமிக்கு, எனக்கு.

என்னோடு வந்திருந்த பேத்தி யாழினி அவரைக் கேட்டாள்.

"அந்தக் கடைசிப் படம் யாருங்க?"

"மருதமுத்து சாரோட அப்பாரு, பாப்பா. போயி ரொம்ப வருசமாச்சு. மவன்தான் இப்ப கடையில நிக்கிறாரு. கைராசிக்காரங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மருதமுத்து என்பது என் பெயர். எனக்கு மகன் கிடையாது. ஜெயங்கொண்டத்தில் கடை கிடையாது. அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததே அன்றுதான்.

பேப்பர் வேலைக்குப் போகும்

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் நான் படித்த கதையையும் பாடம் நடத்திய கதையையும் எழுதிவந்தேன். கடிதம் எழுதிய சிலர் என்னை 'ஐயா' என்று அழைத்திருந்தார்கள். இந்த வாரத்துக்குப் பிறகு அப்படி அழைக்க மனம் வராது. வர வேண்டாம்.

இது பழைய கதை இல்லை. அண்மையில் நடந்தது. யாழினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்திருந்த நேரம்.

என் மகள் குடும்பம் அரியலூரில் இருக்கிறது. மருமகன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேற்பார்வையாளர். அவர்கள் வீட்டில் ஜன்னல் கட்டையை விரலால் தொட்டால் சாம்பல் நிறம் ஒட்டும். தோண்டும்போது கிடைத்தது என்று அவர் கொண்டுவந்த கல் ஒன்று தொலைக்காட்சிக்கு மேல் கிடக்கும். சுருண்ட சங்கு மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அரியலூரெல்லாம் கடலாம். அந்த வீட்டில் படுத்தால் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. அடியில் தண்ணீர் இருப்பதுபோலவே தோன்றும்.

யாழினிக்கு டாக்டர் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. பி.பார்ம் கிடைக்கும். ஒரு கல்லூரியில் இடம் ஒதுக்கியும் விட்டார்கள். அதை உறுதி செய்யக் கொஞ்ச நாள்தான் இருந்தது. எடுப்பதா, விடுவதா என்று வீடே குழம்பிக்கொண்டிருந்தது.

"படிச்சா வேலை கிடைக்குமா மாமா? நீங்கதான் சொல்லணும்" என்றார் மருமகன்.

நான் பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் தலைமுடி நரைக்கும்வரை பாடம் நடத்தியவன். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள்?

நான் சொன்னது இதுதான்: "பார்மசி எடுத்தா வீண் போகாது. வேலை கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா சர்டிபிகேட்டை ஒரு கடையில மாட்டிட்டா போதும். அது பாட்டுக்குச் சம்பாதிக்கும்."

மருமகன் சிரித்தார். "பரவாயில்லையே. பொண்ணு வூட்டுல இருக்கும், பேப்பர் வேலைக்குப் போகும்."

என் மகள் தமிழ்ச்செல்வியும் சிரித்தாள். யாழினி சிரிக்கவில்லை.

"தாத்தா, உங்க பேப்பர் எங்க வேலைக்குப் போவுது?"

"ஜெயங்கொண்டத்துல ஒரு கடை."

"போய்ப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"அதுக்கு அவசியம் வரல யாழி."

"எனக்கு வந்திருக்கு. நான் என்னவா ஆகப்போறேன்னு நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன். கெளம்புங்க."

முந்திரிக்காடு வழியாகப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளைக் கோட்டுகள்

சட்டம் எளிமையானது. பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இருக்கும்போதுதான் மருந்து விற்கலாம். அவருடைய சான்றிதழ் எல்லாரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதில் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். சான்றிதழ் இருக்கும். ஆள் இருக்க மாட்டார். அதற்கு மாத வாடகை உண்டு. வீட்டு வாடகை, வயல் குத்தகை மாதிரி இதையும் கூச்சமில்லாமல் பேசுவோம்.

கடை முதலாளி ஒருவர் ஒரு நாள் பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சான்றிதழைக் கேட்டார், கொடுத்தேன். "அதிகாரி யாராச்சும் வந்து விவரம் கேட்டா சொல்ல வேணுமுங்க" என்று பள்ளிச் சான்றிதழின் நகலையும் கேட்டார். அதையும் கொடுத்தேன். அன்றைக்கு என் மனம் கொஞ்சமும் உறுத்தவில்லை. ஒருவேளை நான் பழகிப்போயிருக்கலாம்.

காரணம் எங்கள் கல்லூரிதான். ஆய்வுக்குழு வரும் நாளில் நான் பார்த்தே இராத ஆசிரியர்கள் காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு கொடுப்பார்கள். கோட்டில் ஏற்கெனவே பெயரும் பாடமும் குத்தியிருக்கும். ஒருவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "சார், நான் என்ன பாடம்?" என்று கேட்டார். அவருடைய கோட்டைப் பார்த்து, "மருந்து வேதியியல்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் வேன் போய்விடும். கோட்டுகளை நாற்காலிகளின் முதுகில் மாட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை அந்த அறையைத் திறந்தால் வரிசையாகக் கோட்டுகள் உட்கார்ந்திருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவருடைய பெயர்ப்பலகை அறைக்கதவில் வருடக்கணக்கில் இருந்தது. மாணவர்கள் அந்தக் கதவின் அடியில் விடுப்புக் கடிதங்களைத் தள்ளிவிட்டுப் போவார்கள். ஒரு முறை பெயின்ட் அடிக்கத் திறந்தபோது கடிதங்கள் கணுக்கால் உயரம் குவிந்திருந்தன. காய்ச்சல் என்றும் பாட்டி இறந்துவிட்டார் என்றும் எழுதிய கடிதங்கள். யாரும் மறுக்கவில்லை என்பதால் எல்லாருக்கும் விடுப்பு கிடைத்திருக்கிறது.

அந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இடது புருவம்

கடைக்குத் திரும்புகிறேன்.

அந்தப் பெண்மணி போனதும் கல்லாவில் இருந்தவர் என்னைக் கவனித்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். நான் சட்டைப்பையில் பேனாவோடு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரிலிருந்த சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னை ஏதோ அதிகாரி என்று எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார்."

நான் யாரென்று சொல்லியிருக்கலாம். ஏனோ என் வாயில் வந்தது வேறு.

"பார்மசிஸ்ட் யாரு?"

"நான்தான் சார்." கைகளைத் தொடையோடு சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரல் வந்தது. "பேரு மருதமுத்து சார். தகப்பனார் கருப்பையா. தாயார் செல்லம்மா. பொறந்தது பெரம்பலூர் பக்கம் சார். பி.பார்ம் முடிச்சிருக்கேன்."

என் அம்மாவின் பெயரை இந்த உலகத்தில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

"வயசு?"

"எழுபது தாண்டிடுச்சு சார். பாத்தா தெரியாது. எங்க ஒடம்பு வாகு அப்படி."

யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று தெரியவில்லை.

"அங்க அடையாளம் சார்" என்று நான் கேட்காமலே அவர் தொடர்ந்தார். "இடது புருவத்துல தழும்பு." முகத்தைச் சற்றுத் திருப்பிக் காட்டினார். "இதோ."

இருந்தது. புருவத்தை நடுவில் அறுத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு கோடு.

சின்ன வயதில் கிணற்றுப்படியில் விழுந்து எனக்கு ஏற்பட்ட தழும்பு அது. என் முகத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. யாழினி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் என் முழங்கையைப் பற்றின.

ஒரு கோடு

அந்த நேரத்தில் ஒரு விவசாயி வந்தார். தா.பழூர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு காலி மாத்திரை அட்டையைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"சார், இந்த மூட்டுவலி மாத்திரை தீந்துபோச்சு. இன்னொரு அட்டை குடுங்க. வூட்டுக்காரிக்கு வாய் பூரா வெந்துபோயிக் கெடக்கு. கஞ்சிகூட எறங்கல. ராத்திரியில அனலா கொதிக்குது. அதுக்கும் ஏதாச்சும் குடுங்க."

கடைக்காரருக்கு என்னிடமிருந்து தப்பித்த நிம்மதி. "வெயிலு நாளு, சூடு ஏறியிருக்கும். வாய்ப்புண்ணுக்கு மாத்திரை தரேன். இந்தக் களிம்பைத் தடவச் சொல்லுங்க. அந்த மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க, மூட்டு மறுபடியும் புடிச்சிக்கும்."

"விடல சார். நீங்க கோடு போட்டுக் குடுத்தபடிக்குத்தான் தெனம் காலையில போட்டுக்குறா."

படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரை அட்டையில் பேனாவால் கோடு போடுவது அந்தக் கடையின் வழக்கம். ஒரு கோடு என்றால் காலை. இரண்டு கோடு என்றால் ராத்திரி. வட்டம் போட்டால் சாப்பாட்டுக்கு முன். வாரத்தில் ஒரு நாள் என்பதற்கு எந்தக் கோடும் கிடையாது. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி மேல் கிடந்த அட்டை எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் பெயரைப் படித்தேன். மெத்தோட்ரெக்ஸேட். அதன் மேல் நீலத்தில் ஒரு கோடு.

அது மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிட்டால் முதலில் வாய் வெந்துபோகும். பிறகு காய்ச்சல் வரும். ரத்த அணுக்கள் குறையும். அப்படியே விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். இதை வகுப்பில் நான் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதிக் கோடிழுப்பேன்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஐயமே இல்லை. பெயரைப் படித்த கணத்திலேயே தெரிந்தது.

நான் பேசவில்லை.

பேசினால் 'நீங்க யாரு?' என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையைக் கொடுத்தது யார் என்று சட்டம் கேட்டால், சுவரில் சந்தனம் வைத்திருப்பவன்தான். இதெல்லாம் எனக்குள் கணக்காக ஓடியது. கடைக்காரர் புது அட்டையை எடுத்தார். பேனாவைத் திறந்து கோடு போட்டார். காகித உறையில் போட்டுக் கொடுத்தார். விவசாயி பணம் கொடுத்து மீதியை வாங்கிக்கொண்டார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். படியிறங்கினார். அவ்வளவு நேரமும் நான் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கடைக்காரர் செய்தது தெரியாமல் செய்த தவறு. எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்தபிறகு யாழினி நின்றாள்.

"ஏன் தாத்தா இப்படி நடுங்குறீங்க?"

"யாழி, அந்த ஆளு வாங்கிட்டுப் போனது... இப்பத்தான் எனக்குப் பொறி தட்டுது..." என்று ஆரம்பித்துச் சொன்னேன்.

'இப்பத்தான்' என்பது பொய்.

நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் ஓடிவிட்டாள். பஸ் நிலையத்தை நோக்கி, செருப்பு ஒரு பக்கம் கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது, தா.பழூர் பஸ்ஸின் படியில் நின்று அந்த விவசாயியின் கையிலிருந்த உறையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சார் குடுத்தது பாப்பா இது. மருதமுத்து சார் தப்பா குடுப்பாரா? நீ யாரு?"

"எங்க தாத்தா இதைப் படிச்சவரு. கேளுங்க அவரை."

நான் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. அவள் அழுததைப் பார்த்துத்தான் நம்பினார். வீட்டுக்குப் போன் போட்டார். அவர் கிளம்பியபிறகு மனைவிக்கு நினைவு தடுமாறுகிறது என்று மறுமுனையில் யாரோ சொன்னார்கள். ஆம்புலன்சில் அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அட்டையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மறுபடி மறுபடி சொன்னேன்.

காலியாக இல்லாத வேலை

திரும்பும் பஸ்ஸில் யாழினி சொன்னாள்.

"எல்லாரும் வேலை கிடைக்குமா, கிடைக்குமான்னு கேக்குறாங்கள்ல தாத்தா. கிடைக்காது. ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஏன்?"

"அந்தக் கடையில ஒரு வேலை இருக்கு. ஆனா காலியா இல்ல. நீங்க வராமலே அதுல உக்காந்திருக்கீங்க."

முந்திரி மரங்கள் இருபுறமும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் பாடம் சொல்லி அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர் வேலை தேடி அந்தக் கடைப்படியில் ஏறியிருப்பார்கள்? "ஆள் இருக்காருங்க" என்று சுவரைக் காட்டி அனுப்பியிருப்பார்கள்.

நம்பாத ஒருவர்

அந்த விவசாயியின் மனைவி பெயர் அஞ்சலை. பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது தெரிய நாளாயிற்று.

யாழினி வீட்டிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இளநீர் கொண்டுபோவாள். உதடு வெடித்திருந்ததால் கரண்டியால் ஊற்ற வேண்டியிருந்தது. மாற்று மருந்து ஏறியதும் அஞ்சலைக்கு மெல்லப் பேச்சு வந்தது. முதலில் பேசியது இதுவாம்: "ஊருக்குப் போனதும் மருதமுத்து சார்கிட்ட காட்டி நல்ல மருந்தா வாங்கிக்கணும்."

யாழினி எனக்குப் போன் செய்தாள். "தாத்தா, வாங்க. வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

பெரம்பலூரிலிருந்து கிளம்பிப் போனேன். வார்டில் பினாயில் நெடி. அஞ்சலையின் தலைமுடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. கட்டில் ஓரத்தில் நின்று சொன்னேன்.

"அம்மா, அந்த மாத்திரை தெனம் சாப்புடுறது இல்ல. வாரத்துல ஒரு நாள்தான். அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான். நான்தான் மருதமுத்து."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெடித்த உதட்டால் சிரிக்கப் பார்த்தார்.

"நீங்க இல்லீங்க. அவரு வேற. கடையிலேயே இருப்பாரு."

"கடையில இருக்குறது மருதமுத்து இல்லம்மா. சுவத்துல இருக்குற படம்..."

"அது அவங்க அப்பாரு. செத்துட்டாருங்க."

என் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். "அவருக்குந்தான் இருக்கு" என்றார். ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரி, "பெரியவருக்கு மனசு சரியில்ல போலருக்கு" என்றாள். அஞ்சலையின் கணவர் என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி தோளைத் தட்டினார்.

அந்த வார்டில் மருதமுத்து என்று ஒருவன் இல்லவே இல்லை என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. குற்றத்தை ஏற்றுக்கொள்ளப் போனவனுக்கு அதற்குரிய பெயர்கூட இல்லை.

யாழினிதான் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஆமாங்கம்மா. இவருதான். எங்க தாத்தாதான். அந்தப் படமும் இவருதான்."

அவளை அஞ்சலை நம்பினார். என்னை நீண்ட நேரம் பார்த்தார். திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புது முகம்

அதே வாரத்தில் சான்றிதழைத் திரும்ப வாங்க ஜெயங்கொண்டம் போனேன். அந்தக் கடையோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். நடந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன வந்தாலும் வரட்டும்.

கடைக்காரரின் உண்மைப் பெயர் கலியபெருமாள். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அஞ்சலையின் விஷயம் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியாது சார். சத்தியமா தெரியாது. சீட்டுல இங்கிலீசுல கிறுக்கியிருந்துச்சு. மாத்திரை பேரு மட்டும் படிச்சேன்."

"தெரியும்" என்றேன். "அந்தத் தழும்பு?"

அவர் புருவத்தைத் தடவினார். "ரொம்ப வருசத்துக்கு முன்னால சார். ஒரு ஆபீசர் அடையாளத்தைக் காட்டச் சொன்னாரு. வெளக்கு சரியில்லன்னு என்னமோ சொல்லிச் சமாளிச்சேன். மறுபடி வரேன்னுட்டுப் போனாரு. பொழப்பு போயிடுமேன்னு நானே பிளேடால கீறிக்கிட்டேன். அவரு அப்புறம் வரவே இல்ல."

அவர் ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். அந்த இடம் காலியாக இருந்தது கொஞ்ச நேரம்தான். கல்லாவுக்கு அடியிலிருந்து இன்னொரு சட்டத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினார். முதலாளி ஏற்பாடு செய்துவிட்டாராம்.

புதுச் சட்டத்தில் ஒரு பெண். இரட்டைச் சடை, நெற்றியில் சின்னப் பொட்டு.

எனக்கு அவளைத் தெரியும். கவிதா. செட்டிகுளத்துப் பெண். என் மாணவி. கடைசி ஆண்டில் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் நின்று, "சார், வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டவள். மருமகனிடம் சொன்ன அதே பதிலைத்தான் அவளிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். இப்போது திருப்பூரில் துணி தைக்கிறாள் என்று கேள்வி.

கலியபெருமாள் புதுக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"இனி நீங்க யாரு?" என்று கேட்டேன்.

"ஜனங்களுக்கு நான் மருதமுத்துதான் சார். மக கல்யாணப் பத்திரிகையிலகூட அப்படித்தான் போட்டோம். இனிமே மாத்த முடியாது."

வாசலில் ஒருவர் வந்து நின்று, "மருதமுத்து அண்ணே" என்று கூப்பிட்டார். நாங்கள் இருவருமே திரும்பினோம். அவர் பார்த்தது என்னை இல்லை.

ஒரு கேள்வி

இடத்தை உறுதி செய்யக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் யாழினி போன் செய்தாள். அஞ்சலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததைச் சொன்னாள். அவளுடைய அப்பா இப்போது பார்மசியே வேண்டாம் என்று நிற்கிறாராம். அம்மா, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டாளாம். முடிவு அவள் கையில் இருந்தது.

"தாத்தா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையைச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நான் சேர்றதா வேணாமான்னு முடிவு பண்ணப் போறேன்."

"கேளு."

"அந்த அட்டை கண்ணாடி மேல கெடந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா? இல்ல, நெசமாவே தெருவுக்கு வந்தப்புறந்தான் தெரிஞ்சுதா?"

அவள் கவனித்திருக்கிறாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதானே நின்றிருந்தாள். நான் எந்த நொடியில் நடுங்கத் தொடங்கினேன் என்பது அவள் விரல்களுக்குத் தெரிந்திருக்கும்.

தெருவில்தான் என்று சொல்லிவிடலாம். வயதாகிவிட்டது, சட்டென்று ஞாபகம் வரவில்லை என்றால் யார் மறுக்க முடியும்? உண்மையைச் சொன்னால் இந்தப் படிப்பையே வெறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடிய அந்தப் பெண்ணைவிட அந்தக் கடைக்கு ஏற்றவர் யார்? என் பொய் அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்றால் இன்னொரு பொய்தானே.

அவள் காத்திருந்தாள். அரியலூர் வீட்டில் லாரி போகும் சத்தம் போனில் கேட்டது.

"கடையிலேயே தெரிஞ்சுது யாழி" என்றேன். "பேரைப் படிச்ச ஒடனே தெரிஞ்சுது. பயந்துட்டு நின்னேன்."

"அப்ப சேர்றேன்" என்றாள்.

"ஏன்மா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லியிருந்தா, இத்தன வருசம் படிச்சும் ஒண்ணும் தெரியல, இந்தப் படிப்பு ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு விட்டிருப்பேன். தெரிஞ்சிருக்கு. படிப்பு சரியாத்தான் இருந்திருக்கு தாத்தா."

போனை வைத்துவிட்டாள்.